மூன்றாம் பிடி மண்

மஹய்யாவ, கண்டி
சுபானு வருஷம் தை 12 (1884)

தம்பி லெட்சுமணனுக்கு,

நீ சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. சுகமாகத்தான் இருக்கிறாய் என்று துணி விற்க அந்தப் பக்கம் போய்வந்த ஹபீல் சொல்லிவிட்டான். தலைப்பாகை பெரிதாகியிருக்கிறதாம், வயிறும் கொஞ்சம் விழுந்திருக்கிறதாம். பெரிய கங்காணி ஆனால் அதெல்லாம் வரத்தானே வேண்டும்.

அவன் இன்னொன்றும் சொன்னான். மூட்டையை வாசலில் இறக்கிவைத்தவன், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், "அக்கா, ஒங்கட தம்பிட தோட்டத்துல கோப்பிய முழுக்கப் புடுங்கிட்டுத் தேயில போடப் போறாங்க. ஓடைக்கு அங்கால ஒங்கட ஆக்கள அடக்கின எடமும் அதுல போகுதாம்" என்றான். நான் அவனைத் திட்டி அனுப்பிவிட்டேன். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். இரண்டு நாளாக யோசித்துப் பார்த்ததில், ஹபீல் பொய் சொல்லி எனக்குத் தெரியாது. உன்னைத்தான் அப்படிச் சொல்ல முடியாது.

உண்மையா? புதைகாட்டில் அலவாங்கு போட்டுப் பெயர்க்கப்போகிறாயா?

உனக்கு எல்லாம் மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். நாம் அந்தத் தோட்டத்துக்கு வந்த வருஷமே வாந்திபேதியில் அம்மா போனாள். எனக்குப் பத்து வயது, உனக்கு ஆறு. புதைத்த இடத்தில் ஒரு கல்லை நட்டால், மறுநாளே அதைப் பிடுங்கி வடிகால் கான் கட்டக் கொண்டுபோனார்கள். ஆனால் கோப்பிச் செடியை மட்டும் யாரும் தொடமுடியாது. தொட்டவன் முதுகில் பிரம்பு உடையும். அதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் மூன்றாம் நாள் நாற்றுமேடையிலிருந்து ஒரு கோப்பி நாற்றைத் திருடிவந்து தலைமாட்டில் நட்டார்கள். ஊற்றப் பால் ஏது, அரிசி களைந்த தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு செடி. "கோப்பி இருக்கிறவரைக்கும் நம்ம எடத்தயும் எவனும் தொடமாட்டான் புள்ள" என்று அய்யா சொன்னார். கோப்பிக்கே சாவு வரும் என்று அவர் கண்டாரா?

நாம் விளையாடியது அங்கேதான். லயத்து அறையில் கை வீசி நடக்க இடம் கிடையாது. அங்கே நிழல் இருந்தது, ஒரு கொய்யாமரம் இருந்தது, அதட்ட ஆளில்லை. மரங்களையெல்லாம் ஆட்களின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். "பந்து வெள்ளாயிக்குப் பின்னால விழுந்திருச்சு, சடையங்கிட்ட ஒளிஞ்சிருக்கான்" என்று நீ கத்துவாய். அந்த வெள்ளாயியையும் சடையனையும் பிடுங்கப்போவது நீ.

துரையிடம் போய்ச் சொல். உன் பேச்சைக் கேட்கிற துரை என்று நீதானே பெருமையாக எழுதியிருந்தாய். அந்த இடத்தில் அலவாங்கு விழுந்தால் உனக்கு அக்கா இல்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா
பேச்சியம்மா


கொய்யாமலைத் தோட்டம், நாவலப்பிட்டி
தை 21

அன்புள்ள அக்காவுக்கு லெட்சுமணன் எழுதுவது,

தபால் கூலி உங்கள் கடிதத்தை மழையில் நனைத்துக் கொண்டுவந்தான். எழுத்தெல்லாம் கரைந்திருந்தது, கோபம் மட்டும் கொஞ்சமும் கரையவில்லை. மச்சான் சுகமா? வீட்டில் நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

ஹபீல் சொன்னது உண்மை. மறைக்க நினைக்கவில்லை, எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். அக்கா, நீங்கள் இப்போது இந்த மலையைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஒரு மாதத்தில் இலை கொட்டிக் குச்சியாக நிற்கிறது. பக்கத்துத் தோட்டங்கள் இரண்டைக் காட்டுக்கே விட்டுவிட்டார்கள். அங்கிருந்த சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, நாம் வந்த அதே பாதையில் மன்னாருக்கு நடந்துபோனது. என் கீழே அறுபத்துமூன்று பேர் இருக்கிறார்கள். தேயிலை வைக்கிற இடமெல்லாம் அவர்களுக்கு வேலை. வைக்காத இடம் பட்டினி. இதை மஹய்யாவயில் இருந்துகொண்டு பார்க்க முடியாது.

ஆனாலும் உங்களுக்காகத் துரையிடம் போனேன். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். "செத்த ஆள் காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரும், கங்காணி?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நான் போகாமல் நின்றதைப் பார்த்துக் கடைசியில், "சரி, உனக்கு ஒரு மரம். ஒண்ணு மட்டும்" என்றார்.

அம்மா மரத்தை வைத்துக்கொள்வேன். அதில் ஒரு கீறலும் விழாது. இதற்குமேல் என்னால் ஆகாது அக்கா.

தம்பி
லெட்சுமணன்


மஹய்யாவ
மாசி 2

லெட்சுமணா,

ஒன்றா? நாற்பத்தொன்றில் ஒன்றைக் கொடுத்தாராம், இவன் கும்பிட்டு வாங்கிவந்தானாம்!

வெள்ளாயிக்கு யார் இருக்கிறார்கள்? அவளுடைய மூன்று பிள்ளைகளும் அவள் பக்கத்திலேயேதான் கிடக்கிறார்கள். அவளுக்காகத் தலைப்பாகையைக் கழற்ற ஆள் இல்லை. நீ கங்காணி. உன் ஆட்களின் பெற்றோர், தாத்தா, பாட்டி எல்லாம் அந்த மண்ணில்தான். உன்னை நம்பி வேலைக்கு வருகிறவனிடம், "ஒங்கப்பன் மேல குழி வெட்டு" என்று எந்த வாயால் சொல்வாய்?

மஹய்யாவயில் இருந்துகொண்டு பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இங்கே நான் பல்லக்கில் போகவில்லை. ஊருக்குப் போன அய்யா திரும்பிவராதபோது உன்னைக் கூடவே இழுத்துக்கொண்டு கோப்பிப் பழம் பறித்தவள் நான். தோட்டத்துக்கு வந்துபோன உபதேசியார் மணலில் எழுதிக்காட்டிய எழுத்தை, அவர் போனபிறகு உன் விரலைப் பிடித்து எழுதவைத்தவளும் நான்தான். அந்த எழுத்தில்தான் இன்று எனக்குப் புத்தி சொல்லி எழுதுகிறாய்.

இவ்வளவு திட்டிவிட்டு, அம்மா மரத்தைத் தொடாதே என்றும் இதே கடிதத்தில் எழுதுகிறேன். மற்ற நாற்பது பேரும் என்னைப் பார்த்துக் காறித் துப்பட்டும். ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றையாவது காப்பாற்று. நான் வந்து பக்கத்தில் நிற்கட்டுமா? ஒரு வரி எழுது, அடுத்த ரயிலில் வருகிறேன்.

பேச்சியம்மா


கொய்யாமலை
தாரண வருஷம் சித்திரை 3

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷப் பிறப்புக்கு என் வணக்கம். உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. வரவேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை, வாருங்கள் என்று எழுதத் தைரியம் வரவில்லை. மாசி பத்தாம் தேதியே எல்லாம் முடிந்துவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எந்த வாயாலும் சொல்லவில்லை. பெரட்டில் நான் சொல்லுமுன்பே சனத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒருவரும் அலவாங்கை எடுக்கவில்லை. கிழவன் இராமகிருஷ்ணன் மட்டும் முன்னுக்கு வந்து, "நீங்க மொத மரத்தப் புடுங்குங்க கங்காணி. பாவம் ஒங்களோட போகட்டும். மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றான். துரை குதிரைமேல் இருந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அலவாங்கைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த மரத்தில் போடுவது என்று நின்றேன் அக்கா. வெள்ளாயியில் போடுவதா, சடையனில் போடுவதா? எல்லாருக்கும் பெயர் இருந்தது. நாம் பெயர் சொல்லிக் கூப்பிடாத மரங்கள் இரண்டுதான் அங்கே. ஒன்று அம்மா. மற்றது, வந்த அன்றே செத்துப்போன ஊர் பேர் தெரியாத ஆள். அந்த ஆளுடைய மரத்தில் போட்டேன். அழ ஆளில்லாத மரம் என்று நினைத்தேன். வேர் பிடித்த பிடி லேசில் விடவில்லை. வெயில் ஏறும்வரை நான் ஒருவனேதான் பிடுங்கினேன்.

அம்மா மரம் நிற்கிறது. சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன், இந்தத் தடவை கல்லை யாரும் எடுக்கவில்லை. அம்மா மரம் எதுவென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் நானா மறப்பேன்? ஓடையோரம், கொய்யாவுக்குக் கீழே. அந்தக் கோப்பி மரத்துப் பழத்தைப் பிடுங்கித் தின்றதற்கு என்னை ஓங்கி அறைந்தீர்களே, உதடு கிழிந்து ரத்தம் வந்ததே. அன்றைக்குத்தான் இதுதான் அம்மா என்று விளங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் மெதுவாகத்தான் நடப்பேன்.

நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் கோபம் இருக்கிறது. கட்டிக்கொண்டு கண்டிக்குப் போனவர் நீங்கள். அந்தப் புதைகாட்டுக்குப் பக்கத்திலேயே இருபத்தேழு வருஷம் கிடந்தவன் நான்.

பிறந்த வீட்டுச் சீர் என்று இதுவரை நான் உங்களுக்கு ஒன்றும் செய்ததில்லை. இப்போது ரயிலில் ஒரு முக்காலி அனுப்பியிருக்கிறேன். பிடுங்கின கோப்பிக் கட்டைகளை மேசைக்குக் கால் செய்ய லண்டனுக்கு ஏற்றுகிறார்கள். நான் பிடுங்கின அந்த முதல் மரத்தை மட்டும் ஏற்றவிடாமல் எடுத்துவைத்து, நாவலப்பிட்டியில் தச்சு பாஸிடம் கொடுத்து இதைச் செய்வித்தேன். நாம் விளையாடின இடத்திலிருந்து ஒரு துண்டாவது உங்கள் வீட்டில் இருக்கட்டும். சமைக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கு முழங்கால் நோகிறது என்று ஹபீல் சொன்னான்.

தம்பி
லெட்சுமணன்


மஹய்யாவ
சித்திரை 11

லெட்சுமணனுக்கு,

முக்காலி வந்தது. ஸ்டேஷனிலிருந்து உன் மச்சான் தோளில் வைத்துச் சுமந்துவந்தார். உன்மேல் கோபத்தில் நான் அதை நான்கு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இந்தக் கால்ல மட்டும் பச்சையா ஒரு வளையம் ஓடுது?" என்றார்.

அரிவாள்மனையில் சுரண்டிப் பார்த்தேன். பித்தளை. இன்னும் சுரண்டினேன். மூன்று புள்ளி தெரிந்தது.

இனி நான் எழுதப்போவது உன் மச்சானுக்கும் தெரியாது. அம்மாவைக் குளிப்பாட்டினபோது அவளுடைய வளையல்களில் ஒன்றைக் கழற்றி மடியில் ஒளித்துவைத்தேன். சுமங்கலியாய்ப் போகிறவள் கையிலிருந்து கழற்றக்கூடாது. தெரிந்தேதான் கழற்றினேன். மூன்றாம் நாள் நாற்று நட்டபோது மனசு கேட்காமல், யாரும் பார்க்காமல் அதன் தண்டில் வளையலை மாட்டி, மண்ணுக்குள் அமுக்கிவிட்டேன். அவளுடைய வளையல்களில் வரிசையாக மூன்று புள்ளி குத்தியிருக்கும். நாற்று மரமானது. வளையலை உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது.

நீ முதல் அலவாங்கு போட்டது அம்மாவின்மேல்.

புரிகிறதா உனக்கு? ஓடையோரம் கொய்யாவுக்குக் கீழே நின்றது அந்த ஊர் பேர் தெரியாதவன். "ஒரு நாதியும் இல்லாதவன், அவம் பழத்தயாடா திங்கிற" என்றுதான் உன்னை அறைந்தேன். அந்த வார்த்தை உன் காதில் விழவில்லை, அடி மட்டும்தான் விழுந்திருக்கிறது. அம்மா இருந்தது மேட்டில், பாறைக்குப் பக்கத்தில். அய்யாதான் உன்னிடம் காட்டக்கூடாது என்றார். "சின்னவனுக்குத் தெரிஞ்சா அங்கயே போய்ப் படுத்துக்கிருவான்" என்றார். அதனால்தான் அந்த மரத்தை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அய்யா போனபிறகாவது நான் சொல்லியிருக்கலாம். மாசியில் உனக்கு எழுதினபோதாவது சொல்லியிருக்கலாம். நீ போய் அந்த மரத்தின் அடியைக் கிளறினால் வளையல் விஷயம் வெளியே வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தில் உன்மேல் உள்ளது கால்வாசிகூட இல்லை. அந்தக் கால்வாசியே உனக்குத் தாங்காது.

நீயாவது கேட்டிருக்கலாமே! இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாள், "அக்கா, அம்மா எது?" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. பெற்றவள் எங்கே கிடக்கிறாள் என்று ஒரு அறையை வைத்துக் கணித்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். இப்போது அவள் வேகிற வெயிலில் வேரோடு வந்து, சீவி, இழைத்து, மூன்று காலாகி, என் அடுப்படியில் நிற்கிறாள். நான் உட்கார்ந்து புளி கரைக்க வேண்டுமாம்!

இதற்குப் பதில் எழுதாதே.

பேச்சியம்மா


கொய்யாமலை
சித்திரை 23

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

பாஸ் அன்றைக்கே சொன்னான், உளி மொக்கையாகிவிட்டது, உள்ளே ஏதோ ஆணி இருக்கிறது என்று. நான் அதைக் காதில் வாங்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். எந்த முகத்தோடு கேட்பேன்? அடக்கம் நடந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கொய்யாமரத்தில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒளிந்திருந்தேன். அய்யா ஒரு பிடி போட்டார். பெண்பிள்ளை வரக்கூடாத இடத்துக்கு வந்து நீங்கள் ஒரு பிடி போட்டீர்கள். மூன்றாம் பிடி மகனுடையது என்று அய்யா என்னைக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். நான் மறுபக்கம் குதித்துக் கோப்பிக்குள் ஓடிவிட்டேன். நான் மண் போட்டால் அம்மா எழுந்து வரமாட்டாள் என்று மட்டும் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. திரும்பிவந்தபோது யாரோ மண்வெட்டியால் மூடிவிட்டிருந்தார்கள்; அந்த வாரம் மூடின புதுக் குழிகளில் எது அம்மா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு, "அம்மா எது" என்று நான் கேட்டால், "அன்னைக்கு நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன். சொல்லியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

ஆனால் நீங்களும் வளையலை மறைத்தீர்கள் அக்கா. மாசியில் ஒரு வரி எழுதியிருந்தால், "மேட்டில், பாறைக்குப் பக்கத்தில்" என்று ஒரே ஒரு வரி, அம்மா இன்னும் நின்றிருப்பாள். எனக்கும் ஆத்திரமாக இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வேன்?

அந்த மேட்டில் இப்போது தேயிலைக் கன்று வைத்தாகிவிட்டது. முக்காலியை என்ன செய்வீர்களோ செய்யுங்கள்.

லெட்சுமணன்


மஹய்யாவ
வைகாசி 5

லெட்சுமணா,

நீ சொன்னது சரி. அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

முக்காலியை எரிக்கப் போனேன், உன் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். திருப்பி அனுப்பலாம் என்றால், அங்கே வைக்க இடமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். எத்தனை நாளைக்கு அவளை அடுப்படியில் நிற்கவைப்பது? வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியைத் தாண்டி, நேற்று நானும் அவரும் ஒரு குழி வெட்டினோம். ஆஸியா உம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு செம்பு பால் கொண்டுவந்து வேலிக்கு மேலால் கொடுத்தார். இந்தத் தடவை அரிசி களைந்த தண்ணீர் இல்லை.

வளையல் இருக்கிற காலைத் தெற்கே வைத்துப் படுக்கவைத்தேன். அய்யாவுக்காக ஒரு பிடி போட்டேன். எனக்காக ஒரு பிடி போட்டேன். அத்தோடு நிறுத்திவிட்டேன். உன் மச்சான் மண்வெட்டியை எடுத்தார், வேண்டாம் என்றேன். கோழி இறங்காமல் மேலே பலகை போட்டு வைத்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெள்ளாயியையும் அவள் பிள்ளைகளையும் பிடுங்கிப்போட்டவனை மன்னிக்க எனக்கு இன்னும் காலம் வேண்டும். என்னை நீயும் மன்னிக்கவேண்டாம், உனக்கும் ஆத்திரம் இருக்கட்டும். ஓடையோரத்தில் கல் அடுக்கிவைத்திருக்கிறாயே, அதைக் கலைக்காதே. அந்த ஊர் பேர் தெரியாதவனுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்று. இத்தனை நாள் அவனை அம்மா என்று நினைத்து மெதுவாக நடந்தாயே, இனியும் அப்படியே நட. அவனுக்கும் யாராவது இருக்கட்டும்.

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. இன்னும் பத்து நாளோ பன்னிரண்டு நாளோ, மழை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் இந்த ஒரு பலகை தாங்காது. கரை சரிந்து குழி தானாக மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு உனக்கு இங்கே வேலை இல்லை. துரை அனுப்பமாட்டார் என்று எழுதாதே. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நில், உனக்குத்தான் அது பழக்கமாயிற்றே.

ரயிலில் ஏறு. வெறுங்கையோடு வா. இந்த வீட்டில் கொய்யாமரம் இல்லை, ஏறி ஒளிந்துகொள்ள இடமில்லை.

அய்யா அன்றைக்கு உன்னை மூன்று தடவை கூப்பிட்டார். நான் ஒரு தடவைதான் கூப்பிடுவேன்.

உன் அக்கா